தலைமை பிறவியிலேயே வருவதா? வகுப்பு லீடர் தேர்விலிருந்து ஒரு கேள்வி

கரும்பலகை | ஜூன் 12, இரவு 9:40

அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பள்ளி திறந்துவிட்டது, எட்டாம் வகுப்புக்கு லீடர் போட வேண்டும். ஆசிரியர் அறையில் பேச்சு வந்தபோது எல்லோரும் ஒரே பையனின் பெயரைச் சொன்னார்கள். ஆறாம் வகுப்பிலும் அவன்தான், ஏழாம் வகுப்பிலும் அவன்தான். நல்ல உயரம், கணீரென்ற குரல், அப்பாவுக்கு ஊரில் மதிப்பு. "அவனுக்குப் பிறவியிலேயே இருக்கு டீச்சர், மத்ததுங்களுக்கு வராது" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர்.

அந்த 'வராது' என்ற சொல் இரண்டு நாளாக உறுத்துகிறது. ஒருவனிடமே இரண்டு வருடம் கொடுத்துவிட்டு, மீதி 37 பிள்ளைகளுக்கு வராது என்று எப்படித் தீர்ப்பு எழுதுகிறோம்? தலைமை என்பது பிறக்கும்போதே கொண்டுவருவதா, பழகிப் பழகி வருவதா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

கரிசல்காட்டான் | ஜூன் 12, இரவு 10:25

டீச்சர், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த மூத்த ஆசிரியர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நான் விருதுநகர்க்காரன், எங்கள் ஊர்க்காரரையே எடுத்துச் சொல்கிறேன்.

காமராஜர் சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் உட்காரவைத்தார்கள். கடையை விட்டுவிட்டுக் கூட்டம் கேட்கப் போனார். அரசியல் ஆசை தெளியட்டும் என்று திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வைக்கம் போராட்டத்துக்குப் போனார். எந்தக் கல்லூரி அவருக்குத் தலைமையைச் சொல்லிக்கொடுத்தது? எந்தப் பயிற்சி வகுப்பு?

1954 ஏப்ரலில் முதல்வரானதும், தலைவர் பதவிக்குத் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அந்த மனசு எந்தப் பாடத்தில் வரும்? அது கருவிலே திரு. கொடுத்து வைக்க வேண்டும்.

வைகைக்கரை | ஜூன் 13, காலை 6:50

//எந்தப் பயிற்சி வகுப்பு?//

அந்த வகுப்புக்குப் பெயர் சத்தியமூர்த்தி, ஐயா. அதற்கு முன்னால் தெருத்தெருவாகக் கொடி பிடித்ததும் உண்டியல் குலுக்கியதும் இருக்கிறது. 1919 ஜாலியன்வாலாபாக் செய்தி அவரை உலுக்கியபோது அவருக்கு வயது 15. முதல்வராகும்போது 50. இடையில் இருக்கிற 35 வருடத்தை ஒரே தாவலில் தாண்டிவிட்டீர்கள்.

1930-இல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் கைதாகி அலிப்பூர் சிறை. 1936-இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், காமராஜர் செயலாளர். 1940-இல் காமராஜர் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர்! குரு, சீடனுக்குக் கீழே வேலை பார்க்க மனதார ஒப்புக்கொண்டார். எதிர்த்து நின்றவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் மனசு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே. பதவி கையில் இருக்கும்போது அடுத்தவனுக்கு வழிவிடுவது எப்படி என்று பக்கத்திலிருந்தே பார்த்தவர் அவர். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 9 வருடம் சிறையில் இருந்தார். 1941-இல் உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்ததும் அந்தப் பதவியை விட்டுவிட்டார்.

இத்தனையையும் 'பிறவி' என்ற ஒரு சொல்லில் அடைத்தால், அந்த மனிதர் பட்ட பாட்டுக்கு நாம் செய்கிற மரியாதைக் குறைவு அது.

கரிசல்காட்டான் | ஜூன் 13, காலை 8:15

மரியாதைக் குறைவு என்று சொன்னது வலிக்கிறது தம்பி. அவர் படத்துக்குத் தினமும் பூ வைக்கிற வீடு எங்களுடையது.

சத்தியமூர்த்தியிடம் எத்தனை தொண்டர்கள் இருந்தார்கள்? அலிப்பூரில் எத்தனை பேர் களி தின்றார்கள்? எல்லோரும் காமராஜர் ஆனார்களா? அதே கரிசல், அதே ஐப்பசி மழை. பருத்தி விதையை ஊன்றின இடத்தில்தான் பருத்தி வெடிக்கும். சத்தியமூர்த்தி அவரைத் தேர்ந்தெடுத்ததே உள்ளே ஏதோ இருப்பதைக் கண்டதால்தானே?

வைகைக்கரை | ஜூன் 13, காலை 8:40

முளைத்த விதையைத்தான் எண்ணுகிறீர்கள். ஊன்றாமலே குலுக்கையில் கிடந்து உளுத்துப்போன விதையை யார் எண்ணினார்கள்?

இன்னொன்று. 1967-இல் இதே விருதுநகரில், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் காமராஜர் 1,285 வாக்கில் தோற்றார். அதே மனிதர், அதே ஊர். பிறவிக் குணம் ஒரே தேர்தலில் வற்றிவிடுமா? அரிசித் தட்டுப்பாடும், 1965 மொழிப் போராட்டத்தின் கோபமும் சேர்ந்து காலம் திரும்பியிருந்தது. 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவரையே ஜெயிக்கவைத்தார்கள். தலைமையில் பாதி தலைவரிடம் இருக்கிறது என்றால் மீதிப் பாதி எதிரே நிற்கிற ஜனங்களிடம் இருக்கிறது.

மின்மினி | ஜூன் 13, மதியம் 1:05

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மின்னசோட்டா இரட்டையர் பதிவேட்டை வைத்து 2006-இல் ஒரு ஆய்வு வந்தது. ஒன்றாக வளர்ந்த ஆண் இரட்டையர்களை எடுத்துக்கொண்டு, அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பவர்களையும் மற்ற இரட்டையர்களையும் ஒப்பிட்டார்கள். வேலையில் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 30% மரபணுவோடு சேர்ந்து போகிறது என்று கண்டார்கள்.

கரிசல்காட்டான் ஐயா இதைத் தன் பக்கம் என்று சொல்லலாம், வைகைக்கரை மீதி 70% தன் பக்கம் என்று சொல்லலாம். இரண்டும் தவறான கணக்கு. உங்கள் தலைமையில் 30% அம்மா அப்பா கொடுத்தது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்தக் கூட்டத்தில், அந்தச் சூழலில் ஆளுக்கு ஆள் இருக்கிற வேறுபாட்டைப் பற்றிய எண் அது. ஏறக்குறைய ஒரே மாதிரி பள்ளி, ஒரே மாதிரி வாய்ப்பு கிடைத்த மனிதர்களிடையே எடுத்தது. சாதியும் ஆண்-பெண் பேதமும் யார் நாற்காலியில் உட்காரலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்கிற ஊரில் அளந்தால் அந்த எண் வேறாகத்தான் இருக்கும்.

பழைய ஹவில்தார் | ஜூன் 13, இரவு 8:30

ராணுவத்தில் அதிகாரி ஆக எஸ்.எஸ்.பி. தேர்வு ஐந்து நாள் நடக்கும். மைதானத்தில் பலகை, கயிறு, பீப்பாய் கொடுத்துத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். முதல் வேலையில் தலைவர் என்று யாரையும் சொல்ல மாட்டார்கள். யார் தானாக எழுந்து வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். அந்த அளவுக்குக் கரிசல்காட்டான் அண்ணன் சொல்வது சரி. ஆனால் தேர்ந்தெடுத்ததோடு விடுவதில்லை. சென்னை பரங்கிமலை அகாடமியில் 49 வாரம் போட்டு வறுத்தெடுத்துத்தான் தோளில் நட்சத்திரம் வைக்கிறார்கள். பிறவியே போதும் என்றால் அந்த 49 வாரம் எதற்கு?

என் செக்‌ஷனில் ஒரு பையன் இருந்தான். டிரில்லில் சத்தமாக வேர்ட் ஆஃப் கமாண்ட் கொடுக்க வராது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். லடாக்கில் ஒரு போஸ்டில் இருந்தபோது ராத்திரி கூடாரத்தில் எல்லோருடைய சாக்ஸையும் கழற்றச் சொல்லி, பத்துப் பேர் கால் விரலையும் கையால் தொட்டுப் பார்ப்பான். விரல் வெள்ளையாகி மரத்துப்போயிருந்தால் தன் அக்குளில் வைத்துச் சூடேற்றுவான். அதை அவனுக்குச் செய்துகாட்டியது நான். எனக்குச் செய்துகாட்டியது எனக்கு முந்தைய ஹவில்தார். பின்னாளில் அவன் செக்‌ஷன் கமாண்டர் ஆனான். அவன் எங்கே போகச் சொன்னாலும் பசங்கள் போனார்கள்.

குடத்து நீர் | ஜூன் 14, அதிகாலை 5:20

நான் ஊராட்சித் தலைவராக இருந்தவள். 2011-இல் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. என்னை நிற்கச் சொன்னது என் மாமனார். அதுவரை ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

முதல் கிராம சபை, 2012 ஜனவரி 26. தீர்மானத் தாளைக் கையில் கொடுத்தார்கள். தாள் படபடவென்று ஆடியது. பக்கத்தில் இருந்த ஊராட்சிச் செயலர் வாங்கிப் படித்துவிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே பின்னாலிருந்து ஒருவர் "தலைவர் எங்கப்பா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரரைத் தேடினார்.

அந்தக் கோடையில் தெற்குத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. வோல்டேஜ் இல்லை, மோட்டார் இழுக்கவில்லை என்று தொட்டி ஆபரேட்டர் சொன்னார். எனக்கு வாதாடத் தெரியாது. கடையில் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தினமும் விடியற்காலை தொட்டிக்கடியில் போய் நின்று, மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டார்கள், எந்தத் தெருவின் கேட் வால்வை எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எப்போது அடைத்தார்கள் என்று எழுதினேன். 12 நாள். மேலத் தெருவுக்கு ஒன்றரை மணி நேரம், தெற்குத் தெருவுக்கு 20 நிமிஷம்.

மே 1 கிராம சபையில் பேச்செல்லாம் பேசவில்லை. அந்த நோட்டைப் பிரித்து நாள்வாரியாக நேரத்தைப் படித்தேன். ஐந்தாவது நாளுக்கு வருவதற்குள் கூட்டம் அமைதியாகிவிட்டது. கை நடுங்கியதா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை. யாரும் என் கையைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகும் லேசாக இருக்கவில்லை. ஊராட்சிக் காசோலையில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு மாதம் போடாமல் இழுத்தடித்தார். எழுதிக்கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி, பிடிஓ ஆபீஸில் விடாமல் நிற்கக் கற்றுக்கொண்டேன். 'பின்னாலிருந்து கேட்டவர்' மூன்றாம் வருஷம் என்னிடம் நேரில் மனு கொண்டுவந்தார்.

எனக்குப் பிறவியில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் 34 வயது வரை அது எங்கே இருந்தது?

கரிசல்காட்டான் | ஜூன் 14, காலை 9:00

அம்மா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களோடு ஜெயித்து வந்த மற்றப் பெண் தலைவர்கள் எல்லோரும் இப்படி ஆனார்களா? இல்லை என்றால், உங்களிடம் மட்டும் இருந்தது என்ன?

குடத்து நீர் | ஜூன் 14, காலை 11:45

நல்ல கேள்வி அண்ணே. பக்கத்து ஊராட்சியில் ஒரு பெண். என்னைவிடப் படித்தவள், என்னைவிடத் தைரியசாலி, பள்ளியில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவள். ஐந்து வருஷமும் அவள் வீட்டுக்காரர்தான் கூட்டத்துக்கு வந்தார், அவர்தான் பேசினார். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள்.

என் வீட்டுக்காரர் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். மாதம் ஒரு முறைதான் வருவார். அதனால் தொட்டிக்கடியில் நான் போய் நிற்க வேண்டியதாயிற்று. எனக்கும் அவளுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

மின்மினி | ஜூன் 14, மதியம் 12:30

அக்கா சொன்ன தண்ணீர் விஷயம், மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் நடந்த ஆய்வை அப்படியே ஞாபகப்படுத்துகிறது. அங்கே எந்த ஊராட்சி பெண்களுக்கு என்பது குலுக்கல் போலத்தான் முடிவானது. ஆகவே திறமைசாலிப் பெண் இருந்த ஊர்தான் பெண் தலைவரைப் பெற்றது என்று சொல்ல வழியில்லை. சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-இல் வெளியிட்ட முடிவில், பெண் தலைவர் இருந்த ஊராட்சிகளில் குடிநீருக்கு அதிகம் செலவாகியிருந்தது. பெண்கள் அதிகம் புகார் சொன்னதும் அதைப் பற்றித்தான். சட்டம் நாற்காலியைக் கொடுத்தது, வேலை நடந்தது.

வைகைக்கரை | ஜூன் 14, மாலை 4:10

நாற்காலியைக் கொடுத்தும் உட்கார விடாத கதை எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. அதையும் இங்கே வைத்தாக வேண்டும். மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலை மீறி நின்று தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொன்றார்கள். அவரோடு சேர்த்து ஆறு பேர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை பத்து வருடம் ஒதுக்கீட்டுத் தலைவர் ஒருவர் உட்கார முடியவில்லை. தேர்தலுக்கு ஆள் நிற்க மாட்டார்கள், நின்று ஜெயித்தாலும் உடனே ராஜினாமா.

அந்தப் பத்து வருடத்தில் அந்த ஊர்களில் தலைமைக் குணத்தோடு யாரும் பிறக்கவில்லையா?

கரிசல்காட்டான் | ஜூன் 14, இரவு 9:55

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. முருகேசன் செத்தது தெரிந்திருந்தும் நின்றவர்களிடம் இருந்த துணிச்சல் பிறவியில் வருவது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இல்லாததால்தான் வரவில்லை என்று ஒரு ஊரைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். 'மத்ததுங்களுக்கு வராது' என்று அந்த ஆசிரியர் சொன்னதையும் இனி நான் ஆதரிக்க மாட்டேன், டீச்சர்.

கரும்பலகை | ஜூன் 15, இரவு 8:20

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை குடவோலை போட்டுவிட்டேன். வருடாவருடம் உத்திரமேரூர் கல்வெட்டைப் பாடமாக நடத்துகிறேன், ஒரு தடவையாவது செய்து பார்ப்போமே என்று தோன்றியது. 38 பெயரையும் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு, ஆறாம் வகுப்புச் சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன். ஆளுக்கு ஒரு வாரம்.

கரிசல்காட்டான் | ஜூன் 15, இரவு 9:05

செய்தது நல்லது. ஆனால் உத்திரமேரூரை முழுசாகச் சொல்லிக்கொடுங்கள். பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டு. அந்தக் குடத்தில் எல்லார் பெயரும் விழவில்லை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-இலிருந்து 70-க்குள் வயது, வேத ஞானம் எல்லாம் கேட்டார்கள். அது பிராமணர்களின் சபை. உழுதவன் ஓலை அந்தக் குடத்தில் இல்லை.

கரும்பலகை | ஜூன் 15, இரவு 9:30

சரியாகச் சொன்னீர்கள் ஐயா. அதையும் சொல்லித்தான் நடத்துவேன். அதே கல்வெட்டில் இன்னும் இரண்டு விதி இருக்கிறது. ஒருமுறை வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்தவர் மூன்று வருடம் கழித்துத்தான் மறுபடி வரலாம். இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது, அவர் உறவினர் பெயரையும் போடக் கூடாது. இந்த இரண்டையும் எங்கள் வகுப்புக்கு எடுத்துக்கொண்டோம். வாரக் கடைசியில் லீடர் என்ன செய்தார் என்று வகுப்பில் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். முதல் சீட்டு கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்திக்கு வந்தது. அவள் குரல் இரண்டாவது பெஞ்சுக்கே எட்டாது. பெயரைப் படித்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "அவனையே லீடராப் போடுங்க டீச்சர்" என்று அந்த உயரமான பையனைக் காட்டினாள். திங்கட்கிழமை வருவாளா என்றே தெரியவில்லை.

குடத்து நீர் | ஜூன் 16, அதிகாலை 5:35

வருவாள். வந்ததும் வகுப்பை அமைதிப்படுத்தச் சொல்லாதீர்கள், அந்தப் பையன் செய்ததையே அவளையும் செய்யச் சொன்னால் தோற்றுவிடுவாள். ஒரு நோட்டு வாங்கிக்கொடுங்கள். வகுப்பில் எது சரியில்லையோ அதை ஐந்து நாளும் எழுதட்டும்: தண்ணீர்க் குழாய், கழிவறைத் தாழ்ப்பாள், யாருக்குப் புத்தகம் வரவில்லை, எதுவானாலும். வெள்ளிக்கிழமை அதைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கும்போது தாளை நீங்கள் வாங்கிப் படித்துவிடாதீர்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் அவளே படிக்கட்டும்.