உதவிப் பட்டியலைப் பற்றிய குறைகள்: வேதாகமத் தலைவர்களில் யாருடைய வழி பொருந்தும்?

கேள்வி: மலைவாசி, ஏற்காடு

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டிலுள்ள ஒரு சிறிய சபையில் செயலாளராக இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் புடவையும் கொடுப்பது வழக்கம். யார் யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்யும் கூட்டம், எஸ்டேட்டுகளில் காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும் நேரத்தில், வாரநாளில், இரவு ஏழு மணிக்கு டவுனில் நடக்கிறது. வேலை முடிந்து களைத்தவர்கள், இருட்டில் காட்டெருமைக்கும் அஞ்சி, லைன் வீடுகளிலிருந்து (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகள்) வருவதில்லை. "எல்லாம் டவுன்காரர்களுக்கே போகிறது" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. ஆயரோ பட்டியல் எழுதுவது முதல் மூட்டை இறக்குவது வரை தாமே பார்க்கிறார். குழுவில் இதைப் பேசவேண்டும், வழி சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி ஆசிரியர்

ஐயா, யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தைக் குழுவில் வாசியுங்கள். காலை முதல் மாலை வரை மோசே ஒருவரே வழக்குக் கேட்க, ஜனங்கள் காத்து நிற்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, இப்படியே போனால் நீரும் சோர்ந்துபோவீர், ஜனங்களும் சோர்ந்துபோவார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு எனத் தலைவர்களை வைத்து, பெரிய வழக்குகளை மட்டும் மோசேயிடம் கொண்டுவரச் செய்தது அவர் யோசனை. அவர்கள் பொருளாசையை வெறுப்பவர்களாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். மாமனார் சொல்லி மருமகன் கேட்டதே நம் ஊரில் பெரிய செய்திதான்!

சூரமங்கலம் வாசகி

எத்திரோவின் ஏற்பாடு ஆயரின் சுமையைக் குறைக்கும். ஆனால் அங்கே ஆட்களை நியமித்தது மோசே. உங்கள் சபையில் குறைந்திருப்பது நம்பிக்கை. அதற்கு அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரமே நெருக்கமானது. எருசலேமில் அன்றாட உணவுப் பகிர்வில் (பந்தி விசாரணையில்) தங்கள் விதவைகள் விடுபடுவதாகக் கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் முறுமுறுத்தபோது, பன்னிரு அப்போஸ்தலர்கள் அந்தப் பேச்சை அடக்கப் பார்க்கவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்று சபையாரிடமே விட்டார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை எழுவருக்கும் கிரேக்கப் பெயர்கள். அக்காலத்தில் பாலஸ்தீன யூதர்களிலும் சிலருக்கு அத்தகைய பெயர்கள் இருந்ததால், பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. என்றாலும் முறையிட்ட தரப்பிலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று பலர் கருதுவதற்கு அதுவே காரணம். ஆகவே லைன் வீடுகளில் இருப்பவர்களே தங்கள் பகுதிப் பட்டியலை எழுதட்டும். டவுனில் எழுதி முடித்ததைத் திருத்த அவர்களை அழைப்பது அதற்கு ஈடாகாது.

கன்னங்குறிச்சி அன்பர்

எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டுவித்த ஆளுநர் நெகேமியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதில் 52 நாளில் முடிந்ததைத்தான் பிரசங்கங்களில் கேட்கிறோம். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியையே கட்டினார்கள் என்பதும், தெக்கோவா ஊரின் பிரபுக்கள் வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை என்பதும் 3ஆம் அதிகாரத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. 12 ஆண்டுகள் ஆளுநருக்குரிய படியைத் தொடாதவர் அவர். குழுவினர் தங்கள் உறவினர் பெயரைச் சேர்ப்பதில்லை என்று முதலில் முடிவெடுங்கள்.

மலைவாசி, ஏற்காடு

நன்றி. உறவினரே கூடாது என்றால் எங்கள் சபையில் பட்டியலே மிஞ்சாது, சகோதரரே. இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் உறவு. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பரிந்துரைத்தவர் பெயரை எழுதலாம் என்றிருக்கிறேன். கூட்டத்தை ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, எஸ்டேட்காரர்கள் கோயிலில் இருக்கும்போதே நடத்தவேண்டும் என்று கேட்கப்போகிறேன். சூரமங்கலம் அம்மா சொன்னபடி, ஒவ்வொரு எஸ்டேட்டுக்கும் இருவரை அங்குள்ளவர்களே தெரிந்தெடுக்கட்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருந்தால், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது குழுவுக்கு முன்பே தெரிந்துவிடும்.