கபடி ஆடும் தம்பிக்குப் பிஸ்டல் லைசென்ஸ் வாங்கலாமா?

ஒடுகத்தூர் அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி தொழில்முறைக் கபடி வீரன். கொஞ்சம் பணமும் பெயரும் வந்ததும், ராத்திரியில் தனியாகக் காரில் வருவதால் ஒரு பிஸ்டல் வேண்டும் என்கிறான். தாத்தா பட்டாளத்தில் இருந்தவர். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் போட்ட டபுள் பேரல் துப்பாக்கி வைத்திருக்கிறார். அதையும் தம்பி பேருக்கு மாற்றலாம் என்று வீட்டில் பேச்சு. விளையாட்டு வீரர்கள் கையில் துப்பாக்கி தவறுதலாக வெடித்த செய்திகளைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. வீட்டில் ஏழு வயசுப் பையன் வேறு இருக்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் ரசிகன்:
பெயர் வந்துவிட்டால் ஆபத்தும் கூட வரும். சட்டப்படி மனு கொடுத்து வாங்குவதில் என்ன தப்பு? வாங்கட்டும் அக்கா.

கம்மவான்பேட்டை ஹவில்தார் (ஓய்வு):
தங்கச்சி, நான் பட்டாளத்தில் ஆயுதப் பயிற்சி கொடுத்தவன். பிஸ்டல் வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தையும் சொல்கிறேன்.

ரசிகன் தம்பி சொல்கிற மாதிரிதான் பிளாக்சிகோ பரஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையால் பிடித்து ஆடும் ஆட்டம்) வீரரும் நினைத்திருப்பார். 2008 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் வெற்றியைத் தந்த பந்தைப் பிடித்தவர் அவர். அதே வருஷம் நவம்பரில் அவருடைய அணித் தோழர் ஒருவரைத் துப்பாக்கி முனையில் கொள்ளையடித்தார்கள். சில நாள் கழித்து பரஸ் நியூயார்க்கில் ஓர் இரவு விடுதிக்குப் போனபோது, க்ளாக் பிஸ்டலை உறை கூட இல்லாமல் பேண்ட் இடுப்பில் செருகியிருந்தார். அது கால் பக்கம் நழுவியது. பிடிக்கப் போனார், விரல் டிரிக்கரில் பட்டது, தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். அந்த ஊரில் செல்லுபடியாகும் உரிமமும் இல்லாததால் இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை. அவரை யாரும் தாக்க வரவே இல்லை.

பந்து எங்கே விழுந்தாலும் பாய்ந்து பிடிப்பதுதான் அவருடைய தொழில். உங்கள் தம்பிக்கும் அப்படித்தான், எதிராளியின் கணுக்கால் அசைந்ததும் யோசிக்கும் முன்னே கை போய்விடும். களத்தில் சோறு போடும் அந்தப் பழக்கம் துப்பாக்கி விஷயத்தில் ஆளைக் கொல்லும். துப்பாக்கி கை நழுவினால் விழட்டும் என்று விட்டுவிட வேண்டும். இப்போது வரும் நல்ல பிஸ்டல்கள் கீழே விழுந்தால் வெடிக்காதபடி செய்யப்பட்டவை. டிரிக்கர் அழுந்தினால்தான் வெடிக்கும், அந்தரத்தில் பிடிக்கிற கை டிரிக்கரில்தான் போய் மாட்டும்.

இன்னொன்று. மேகசினை, அதாவது குண்டுகள் அடுக்கிய பெட்டியை, கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஆனால் சேம்பரில், அதாவது குழலின் பின்பக்கம் குண்டு ஏறி நிற்கும் அறையில், ஒரு குண்டு உட்கார்ந்திருக்கும். முதலில் மேகசினை எடு, அப்புறம் ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பாகத்தை) இழு, கண்ணால் பார், விரலால் தொட்டுப் பார். வரிசையை மாற்றி முதலில் ஸ்லைடை இழுத்தால் ஒரு குண்டு வெளியே வரும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றி என்ன பயன்? எங்களுக்கு ‘காலி கர்’ (காலி செய்) என்று ஆணை வந்ததும் இதை ஒருவன் செய்வான், இன்னொருவன் சரிபார்ப்பான். அதன் பிறகு ஆயுதம் கோத் என்கிற ஆயுத அறைக்குள் போய்ப் பூட்டப்படும். போர்வீரனே அதை இடுப்பில் செருகிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதில்லை.

தாத்தாவின் டபுள் பேரலைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ஜேசன் வில்லியம்ஸ் என்ற கூடைப்பந்து வீரர் 2002 பிப்ரவரியில் நியூஜெர்சியில் தன் வீட்டுக்கு வந்தவர்களுக்கு, அதே மாதிரி மடக்கித் திறக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் காட்டிக்கொண்டிருந்தார். படக்கென்று மூடினார், வெடித்தது. அவர்களை அழைத்து வந்த கார் டிரைவர் அங்கேயே செத்துப்போனார். அந்த மனிதர் செய்த பாவம் என்ன?

சத்துவாச்சாரி ஏர் பிஸ்டல்:
நான் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். 4.5 மி.மீ. பெல்லட்தான் (சின்ன ஈயக் குண்டு), சுடும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருப்பதால் லைசென்ஸ் கூடத் தேவையில்லை. அதற்கே சேம்பரில் பளிச்சென்று நிறம் தெரிகிற பாதுகாப்புக் கொடி செருகாமல் மேசையில் வைக்க முடியாது. ஆணை வரும் முன் பெல்லட் போடக் கூடாது. ‘ஸ்டாப்’ சொன்னால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். உங்கள் தம்பிக்குத் துப்பாக்கி மேல்தான் ஆசை என்றால் துப்பாக்கி சுடும் பயிற்சி ரேஞ்சுக்கு அனுப்புங்கள் அக்கா.

ஒடுகத்தூர் அக்கா:
ரொம்ப நன்றி அண்ணா. தம்பிக்கு அப்படியே படித்துக் காட்டினேன். பரஸ் கதைக்கு அப்புறம் வாயே திறக்கவில்லை. தாத்தாவின் துப்பாக்கி கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. தோட்டா பீரோவில், துணிக்கு அடியில். என்ன செய்யட்டும்?

கம்மவான்பேட்டை ஹவில்தார் (ஓய்வு):
இன்றைக்கே சுவரிலிருந்து இறக்கச் சொல்லுங்கள் அம்மா. உரிமம் அவர் பேரில் இருப்பதால் தாத்தாதான் கையில் எடுக்க வேண்டும், நீங்களோ தம்பியோ தொட வேண்டாம். பையனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குழல் வெளியே மண்ணைப் பார்த்திருக்கட்டும். திறந்து இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று அவர் பார்க்கட்டும். துப்பாக்கி பூட்டுள்ள இரும்பு அலமாரியில், தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில். இரண்டு சாவியும் பையன் கண்ணில் படக்கூடாது.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோம் அல்லவா, மற்ற நாளிலும் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்து வைக்க வழி உண்டு. பேர் மாற்றம் பிறகு பார்க்கலாம், கலெக்டர் அலுவலகத்தில் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கேட்பார்கள். தாத்தா சம்மதித்தால் சொல்லுங்கள், நான் ஒரு நாள் நேரில் வந்து அவரோடு பேசுகிறேன். பட்டாளத்துக்காரர், நான் சொன்னால் கேட்பார்.