தினாரியஸில் அமர்ந்திருக்கும் பெண் யார்?

அல்சூர்வாசி:
பெங்களூரு நாணயக் கண்காட்சியில் ஒரு தினாரியஸ், அதாவது பழைய ரோமானிய வெள்ளிக் காசு, விலைக்கு இருக்கிறது. 3.7 கிராம், 18 மி.மீ. பின்பக்கம் நாற்காலியில் ஒரு பெண், ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் கிளை. இது அதிர்ஷ்ட தேவி ஃபார்ச்சூனாவா? அசல்தானா?

செப்பேடு:
ஃபார்ச்சூனா இல்லை, அவளுக்குச் சுக்கானும் கனி நிறைந்த கொம்பும் இருக்கும். தராசு இருந்தால் நேர்மைக்கான தேவி ஈக்விடாஸ், பாம்புக்கு ஊட்டினால் நலத்துக்கான தேவி சாலுஸ். கோலும் கிளையும் என்றால் சமாதான தேவி பாக்ஸ். சுற்றிலும் ‘பான்டிஃப் மாக்சிம்’ (தலைமைப் பூசாரி என்ற பட்டம்) என்று இருக்கிறதா? இருந்தால் ரோமப் பேரரசன் திபேரியஸின் காசு (கி.பி. 14-37). அந்தப் பெண்ணை அவன் தாய் லிவியா என்றும் சொல்வார்கள். தென்னிந்தியப் புதையல்களில் அதிகம் கிடைக்கும் வகை. பெங்களூரு யஷ்வந்த்பூரிலேயே ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன.

வெள்ளீயம்:
எடை சரி. பின்னால் வந்த பேரரசன் நீரோ கி.பி. 64-இல் தினாரியஸின் எடையைக் குறைத்த பிறகுதான் 3.4 கிராம் அளவுக்கு இறங்கியது. ஆனால் எடையை மட்டும் நம்பாதீர்கள், உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்புப் போலியும் சரியான எடை காட்டும். பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைப் பாருங்கள்: சுற்றிவர இணைப்புக் கோடோ அதை அராவிய தடமோ, எழுத்துகளுக்கிடையே குமிழ்க் குழிகளோ தெரிந்தால் வார்ப்பு. முகத்தில் வெட்டுத்தடம் இருந்தால் பயப்பட வேண்டாம், இங்கே கிடைத்த காசுகளில் அது சகஜம். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், மதிப்பே போய்விடும்.

செப்பேடு:
விற்பவரிடம் தொல்பொருள் உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1972 சட்டப்படி கட்டாயம்.