புதுப்பிப்பு: பி.காம்-ல் 52%, சி.ஏ. சேர முடிந்ததா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பி.காம்-ல் 52% வைத்துக்கொண்டு நேரடியாக சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்பின் இரண்டாம் நிலையான இன்டர்மீடியட்டில் சேரலாமா என்று கேட்டிருந்தேன். முடியாது. வணிகவியல் பட்டதாரிக்கு 55%, மற்ற பட்டதாரிகளுக்கு 60% வேண்டும். எம்.காம்-ல் 55% எடுத்தாலும் போதும் என்றார் ஒருவர். உண்மைதான், ஆனால் இன்னும் இரண்டு வருடம் யார் காத்திருப்பது?

"பிளஸ் டூ தகுதியிலேயே ஃபவுண்டேஷன் (சி.ஏ.-வின் முதல் நிலைத் தேர்வு) எழுதுங்கள்" என்று சொன்னவரின் யோசனைதான் பலித்தது. நான்கு தாள்; தேற தாளுக்கு 40%, மொத்தத்தில் 50% வேண்டும். கடைசி இரண்டு தாளும் கொள்குறி வகை, தவறான விடைக்கு கால் மதிப்பெண் போகும். கணிதத்தில் குருட்டாம்போக்கில் குறித்தது என் கையைக் கடித்தது. அப்புறம் இரண்டாவது முயற்சியில் தேறினேன். 2024 முதல் வருடத்துக்கு மூன்று முறை தேர்வு நடப்பதால் அதிகம் காத்திருக்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று: ஆர்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) இப்போது மூன்றல்ல, இரண்டே வருடம். ஆனால் இன்டர்மீடியட் தாள்கள் பிரிக்கப்பட்டிருக்கும் இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் தொடங்கலாம். ஒரு குரூப் முடித்ததும் பயிற்சி தொடங்கி, அதற்கான உதவித்தொகை வரும் என்று வீட்டில் போட்டிருந்த கணக்கை மாற்றி எழுத வேண்டியதாயிற்று.