மறுமொழி: எக்ஸ்பிளாய்ட் என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘நெம்பி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள நண்பர்களே,

இணையப் பாதுகாப்பு படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ஆய்வுரைகளைத் தமிழில் வழங்க முன்வந்திருப்பது பெரிய விஷயம். மென்பொருளில் உள்ள ஓர் ஓட்டையைப் பயன்படுத்திக்கொள்ளும் நிரல் அல்லது உள்ளீட்டை ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பிளாய்ட்’ என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். சுரண்டல், ஊடுருவல், நுழைநிரல், கன்னக்கோல் என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கையும் ஆய்வுரையில் வரக்கூடிய வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. என் பரிந்துரை ‘நெம்பி’.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். 2017இல் நடந்ததை எடுத்துக்கொண்டால் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையில் ஓர் ஓட்டை இருந்தது. மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதம் அதை அடைக்கும் திருத்தத்தை, அதாவது பேட்ச்சை, வெளியிட்டது. அந்த ஓட்டையைப் பயன்படுத்தத் தெரிந்த எட்டர்னல்புளூ என்ற நிரல் ஏப்ரலில் பொதுவெளியில் கசிந்தது. மே 12ஆம் தேதி, அதே நிரலை உள்ளே வைத்துக்கொண்டு வான்னாக்ரை என்ற தீநிரல் பரவி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டிப்போட்டது. ஓட்டை வேறு, எட்டர்னல்புளூ வேறு, வான்னாக்ரை வேறு. நடுவில் உள்ள எட்டர்னல்புளூவுக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். இந்த மூன்றையும் ‘தாக்குதல்’ என்ற ஒரே சொல்லால் எழுதினால், பேட்ச் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியும் ஏன் இவ்வளவு சேதம் என்ற கேள்வியைக் கேட்கவே வழியில்லாமல் போய்விடும். ஆய்வுரையில் அந்தக் கேள்விதான் முக்கியம்.

சுரண்டல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தானியங்கி மொழிபெயர்ப்பு தருகிற சொல் அது. உழைப்புச் சுரண்டல், வளச் சுரண்டல் என்று அந்தச் சொல்லுக்கு ஆழமான பொருள் ஏற்கெனவே இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிடுவோம். ஊடுருவல் வேறு இரண்டு இடங்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அனுமதியோடு தாக்கிப் பார்ப்பதை ஊடுருவல் சோதனை என்கிறோம், அத்துமீறி நுழைபவரைக் கண்டுபிடிப்பதை ஊடுருவலைக் கண்டறிதல் என்கிறோம். மூன்றாவது சுமையை ஏற்றினால் குழப்பம்தான்.

நுழைநிரல் அழகான வினைத்தொகை. எனக்கும் பிடித்திருந்தது, ஹார்ட்பிளீட் நினைவுக்கு வரும்வரை. 2014 ஏப்ரலில் வெளியான அந்த ஓட்டை, இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்தது. அதில் யாரும் எங்கும் நுழையவில்லை. வெளியே இருந்தபடி சின்னதாக ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டு அதன் நீளத்தை மட்டும் பொய்யாகச் சொன்னால் போதும், சர்வர் தன் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொல், மறைகுறியீட்டுச் சாவி என்று எது வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். அதேபோல, சாதாரணப் பயனராக ஏற்கெனவே உள்ளே இருப்பவர் நிர்வாகி உரிமையைப் பெறுவதற்கான நிரல்கள் இருக்கின்றன. சர்வரை நிலைகுலைய வைத்து நிறுத்துவதற்கென்றே இருப்பவையும் உண்டு. இவற்றில் எதிலும் நுழைதல் இல்லை. தவிர, எல்லாமே நிரலும் இல்லை. சில சமயம் கவனமாக வடிவமைத்த ஒரே ஒரு வரி உள்ளீடுதான். 2021 டிசம்பரில் எல்லோரையும் தூங்கவிடாமல் செய்த லாக்4ஷெல் என்ற ஓட்டையைத் தூண்ட, மென்பொருள் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் பதிவுக்குறிப்பில் போய் விழும்படி ஒரு சிறு எழுத்துச் சரத்தை அனுப்பினால் போதுமாக இருந்தது.

கன்னக்கோல் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சுவரில் கன்னமிட்டுத் திருடுபவரின் கருவிக்குத் தமிழில் தனிப்பெயர் இருந்திருக்கிறது என்பதே மகிழ்ச்சியான விஷயம். அதைத் தேடி எடுத்துத் தந்த நண்பருக்கு நன்றி. ஆனால் இரண்டு தடைகள். ஒன்று, கன்னக்கோல் நல்ல சுவரில் புதிதாகத் துளை போடும். நாம் பேசும் பொருளோ ஏற்கெனவே உள்ள ஓட்டை இல்லாமல் எதுவும் செய்யாது. பேட்ச் போட்ட கணினியில் எட்டர்னல்புளூ வெறும் குப்பை. இரண்டாவது தடைதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. கன்னக்கோல் திருடனின் கையில் மட்டும் இருப்பது. நம் மாணவர்கள் அனுமதி பெற்று, சோதனைக்கூடத்தில், ஓட்டை உண்மையானதுதான் என்று நிறுவுவதற்காக இதை எழுதுகிறார்கள். நிறுவனத்திடம் முதலில் தெரிவித்து, திருத்த அவகாசம் கொடுத்து, பிறகுதான் மேடையில் பேசுகிறார்கள். ஓட்டைகளைத் தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு திருத்த அவகாசம் 90 நாள் என்று வைத்திருக்கிறதே, அந்த வகை ஒழுங்கு. இவ்வளவு முறையாகச் செய்த வேலையைத் தன்விவரக் குறிப்பில் எழுதும்போது ‘மூன்று கன்னக்கோல்கள் உருவாக்கினேன்’ என்று எழுதவேண்டி வந்தால், அதை அந்த மாணவருக்கு நாம் செய்யும் அநீதி என்பேன்.

சரி, நெம்பிக்கு வருகிறேன். நெம்புதல் என்றால் இடுக்கில் கோலைக் கொடுத்துக் கிளப்புவது. இடுக்கு இல்லாவிட்டால் நெம்ப முடியாது. இடுக்கு இருந்தாலும் யாராவது நெம்பும்வரை ஒன்றும் ஆகாது. ஓட்டைக்கும் எக்ஸ்பிளாய்ட்டுக்கும் உள்ள உறவு அப்படியே இதுதான். நெம்புகோலைப் பள்ளி இயற்பியலில் எல்லோரும் படித்திருக்கிறோம், அதனால் விளக்கம் தேவையில்லை. தச்சர் கையிலும் இருக்கும், திருடர் கையிலும் இருக்கும். சொல்லில் பழி இல்லை. நெம்பினால் கதவும் திறக்கலாம், உள்ளே இருப்பது வெளியேயும் கொட்டலாம், மொத்தமாகப் பெயர்ந்தும் விழலாம். ஹார்ட்பிளீட் வகைக்கும் அது இடம் கொடுக்கிறது.

வினை கையோடு கிடைப்பது இன்னொரு வசதி. நெம்பத்தக்க ஓட்டை, நெம்பப்பட்ட ஓட்டை, நெம்பித் தொடர் (எக்ஸ்பிளாய்ட் செயின்), நெம்பித் தொகுப்பு (எக்ஸ்பிளாய்ட் கிட்), தொலைநெம்பி (ரிமோட் எக்ஸ்பிளாய்ட்) என்று எல்லாம் தானாக அமைகின்றன. நிரலை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் நெம்புநிரல்.

எதிர்ப்பு எங்கே வரும் என்றும் யோசித்தேன். ‘நெம்பி’ வினையெச்சமாகவும் படிக்கப்படுமே என்பார்கள். உலாவி (பிரௌசர்), வருடி (ஸ்கேனர்) இரண்டும் அதே அமைப்புதான், வழக்கில் நிற்கின்றன. ‘ஓட்டையையா நெம்புவார்கள், இடுக்கைத்தானே’ என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் பாதுகாப்பு ஓட்டை என்பது செய்தித்தாள்வரை போய் ஊன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டாம். ‘பலவீனம்’ என்பதை அதற்குப் பதிலாகப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மைட்டர் நிறுவனத்தின் சிடபிள்யூஇ பட்டியல் பலவீனங்களின் வகைகளைத் தருகிறது. சிவிஇ பட்டியல் குறிப்பிட்ட மென்பொருளில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளுக்கு ஒவ்வொன்றாக எண் கொடுக்கிறது. இரண்டு பட்டியலுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

வேலைவாய்ப்பு பற்றிக் கேட்ட மாணவருக்கு ஒரு வார்த்தை. ‘தமிழில் பேசினால் நேர்காணலில் என்ன பயன்’ என்பது அவர் கவலை. நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்தாலும் அங்கே சோதிக்கப்படுவது இந்தப் பிரித்தறிவுதான். பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் பகுப்பாய்வாளராகச் சேருபவரின் முன்னால் தினமும் ஓட்டைகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாவற்றையும் அன்றே அடைக்க முடியாது. ஓட்டையின் கடுமையை 0 முதல் 10 வரை சிவிஎஸ்எஸ் மதிப்பெண் சொல்கிறது. அடுத்த 30 நாளில் அது நெம்பப்படுவதற்கான வாய்ப்பை இபிஎஸ்எஸ் என்ற இன்னொரு மதிப்பீடு கணிக்கிறது. ஏற்கெனவே நெம்பப்பட்டது உறுதியானவற்றை அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 நவம்பரிலிருந்து தனிப்பட்டியலாக வெளியிடுகிறது. 9.8 வாங்கிய, யாரும் தொடாத ஓட்டையை முதலில் அடைப்பதா, 7.5 வாங்கி இப்போதே நெம்பப்பட்டுக்கொண்டிருப்பதை அடைப்பதா? காரணத்தோடு பதில் சொல்பவருக்குத்தான் வேலை கிடைக்கும். தாய்மொழியில் இதைத் தெளிவாக விளக்கிப் பழகியவர் எந்த மொழியிலும் விளக்குவார்.

ஊடுருவல் சோதனையாளர் ஆக விரும்புவோருக்கும் இதுதான். அந்த வேலைக்கான ஓஎஸ்சிபி சான்றிதழ்த் தேர்வில் 23 மணி 45 நிமிடம் கணினிகளோடு மல்லுக்கட்டிய பிறகு, அறிக்கை எழுத இன்னொரு 24 மணி நேரம் தருகிறார்கள். அறிக்கை சரியில்லாவிட்டால் அதுவரை செய்தது வீண். அதனால் ஆய்வுரையில் ஓட்டை எது, நெம்பி எது, விளைவு எது, திருத்தம் எது என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பார்வையாளர் வரிசையில் வேலைக்கு ஆள் தேடுபவர் இருந்தால் அவர் கவனிப்பது திரையில் ஓடும் செய்முறைக் காட்சியைவிட இதைத்தான்.

திருத்தம் வருவதற்கு முன்பே தாக்குபவருக்குத் தெரிந்துவிட்ட ஓட்டையைக் குறிக்கும் ‘ஜீரோ டே’ பாக்கி இருக்கிறது. சூனிய நாள் என்று எழுதினால் செய்வினை ஞாபகம் வருகிறது, எனக்குச் சுழியநாள் சரியாகப்படுகிறது. அதற்குத் தனி இழை தொடங்கலாம். அடுத்த சுற்று ஆய்வுரைகளில் இரண்டு மூன்று பேராவது நெம்பியைப் போட்டுப் பேசிவிட்டு, எந்த வாக்கியத்தில் நாக்கு தடுக்கியது என்று அந்த வாக்கியத்தை அப்படியே இங்கே எழுதுங்கள்.

அன்புடன்