டிரம்ஸைப் பிரித்து வாசித்த இரவு

ஜாய் டிவிஷன் என்ற ஆங்கிலேய ராக் இசைக் குழுவின் முதல் ஆல்பமான ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ எப்போது மனதில் பதிந்தது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது பதிந்தது என் தொடை சிவந்துபோன ஓர் இரவில்தான்.

பத்து ஆண்டுகளாக டிரம்ஸ் வாசிக்கிறேன். அந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வரும். குழுவின் டிரம்மர் ஸ்டீபன் மோரிஸ் குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம் ஒரு மூலையில் வெடிக்கிறது, பாஸ் டிரம் வேறெங்கோ இடிக்கிறது, நடுவே ஆளற்ற கூடம்போல் ஒரு வெறுமை. ஒரே மனிதர் ஒரே நேரத்தில் வாசித்ததுபோல இல்லையே! பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1979 ஏப்ரலில் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு அருகே ஸ்டாக்போர்ட்டிலுள்ள ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில், தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிரம்ஸைத் துண்டு துண்டாக வாசிக்க வைத்திருக்கிறார். ஒரு டிரம்மின் ஓசை இன்னொன்றின் மைக்கில் கசிந்துவிட்டால், அதற்கு மட்டும் எதிரொலி ஊட்ட முடியாது. ஓசையைத் தாமதித்து எதிரொலியாக்கும், அப்போது புதிதாக வந்திருந்த ஏ.எம்.எஸ். டிஜிட்டல் டிலே கருவியை அவர் ஒவ்வொரு டிரம்முக்கும் தனித்தனியாகப் பயன்படுத்த விரும்பினார்.

அதையே நண்பர் வீட்டு மாடி அறையில் செய்து பார்த்தேன். முதலில் பாஸ் டிரம் மட்டும். காலால் மிதிக்கத் தொடங்கிய நாலாவது சுற்றிலேயே தாளம் தடுமாறியது. கைகள் சும்மா இருந்தால் கால் வழி மறந்துவிடுகிறது. வேறு வழியின்றி ஹை-ஹாட் என்ற ஜோடி உலோகத் தட்டில் அடிக்க வேண்டியதைத் தொடையில் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டே மிதித்தேன். தாளம் தடுமாறாமல் நின்றது. அரை மணி நேரத்தில் தொடை எரிந்தது. மோரிஸும் இப்படித் தட்டித் தட்டித் தன் கால்கள் கன்றிப்போனதைச் சொல்லியிருக்கிறார். ‘ஷீ’ஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ பாடலில் சீறும் ஓசைக்காக, மூடிய சிறு அறைக்குள் ஏரோசால் குப்பியை அழுத்தி அழுத்தி மூச்சுத் திணறியவரும் அவர்தான்.

இத்தனைக்கும் பிறகு கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னருக்கும் பாஸ் கிட்டார் வாசித்த பீட்டர் ஹுக்கிற்கும் ஆல்பத்தின் ஒலி பிடிக்கவில்லை. மேடையில் தாங்கள் கொளுத்திய நெருப்பை ஹானெட் அணைத்துவிட்டார் என்று வருந்தினார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது. இருந்தாலும் நான் ஹானெட்டின் பக்கம்தான். அந்த நெருப்பை மட்டும் பதிவு செய்திருந்தால், பாடகர் இயன் கர்ட்டிஸின் குரலைச் சுற்றி இவ்வளவு தனிமை இருந்திருக்காது.

*

தொடைக் கதையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. மான்செஸ்டரில் படித்த நாட்களில் ஸ்டாக்போர்ட் வாட்டர்லூ சாலைக்குப் போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன். ஸ்டுடியோ 1993இல் மூடப்பட்டுவிட்டது. சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. மழையில் நின்றபடி ஹெட்போனில் அந்த ஆல்பத்தின் ‘இன்சைட்’ பாடலைக் கேட்டேன். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஓசையைக்கூட ஹானெட் விட்டுவைக்காமல் பதிவு செய்தார் என்பதை நினைத்து, உள்ளே போய் அந்த லிஃப்டைப் பார்க்க மிகவும் ஆசைப்பட்டேன். கதவு பூட்டியிருந்தது.

*

நான் இயற்பியல் படித்தவள். இசைக்கு முன் ஆல்பத்தின் அட்டைதான் என்னைப் பிடித்தது. முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. கறுப்பில் வெள்ளை மலைத்தொடர்போல் கோடுகள். அது சிபி 1919 என்ற துடிப்பு விண்மீனின் (சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளாக நம்மை எட்டும் விண்மீன், பல்சர்) படம் என்பது எனக்கு உடனே தெரிந்தது! 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் கண்டறிந்த முதல் துடிப்பு விண்மீன் அது. ஹெரால்ட் கிராஃப்ட் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்காக வரைந்த படம் ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் வெளியாகியிருந்தது. குழுவினர் அதைப் பார்த்துக் கொடுக்க, வெள்ளைத் தாளில் கறுப்பாக இருந்ததை வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் கறுப்பில் வெள்ளையாக மாற்றினார்.

ஒவ்வொரு கோடும் ஒரு துடிப்பு. ஒன்றன்கீழ் ஒன்றாக 80 துடிப்புகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 1.34 விநாடி. தொடையில் தட்டியவரின் பதிவைப் படித்த பிறகு, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அட்டையின் மேல் கோட்டிலிருந்து ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தட்டாக மேசையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். கடைசிக் கோட்டைத் தொடும்போது இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.