உதவி: எல்லாரும் புகழுற படம் வாக்கெடுப்பில ஏன் கீழ போகுது?

உவர்மலையான்:
வணக்கம். திருகோணமலையில நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து மாதம் ஒருக்கா ப்ரொஜெக்டர் வாடகைக்கு எடுத்துப் படம் போடுறனாங்கள். வருசக் கடைசியில கூகிள் போம் அனுப்பி, பார்த்த படங்களுக்குப் பத்துக்குப் புள்ளி கேட்டம். ‘அன்பே சிவம்’ போட்ட அண்டைக்கு இருக்கக் கதிரை இல்லை. முடிஞ்ச பிறகும் சனம் வாசலில நிண்டு நல்லசிவம்–அன்பரசு கதைதான். ஆனா சராசரி 8.4, இரண்டாம் இடம். முதலிடம் ஒரு ஈரானியப் படத்துக்கு, 9.5! மார்கழி மழையில போட்டது, பார்க்க வந்ததே ஆறு பேர். எக்செல்லில பிழை ஒண்டும் காணேல்ல. என்ன செய்யலாம்?

கணக்கு வாத்தி:
தம்பி, சராசரிக்கு ஆறு பேரும் ஒண்டுதான், அறுநூறு பேரும் ஒண்டுதான். கொட்டுற மழையிலயும் வாற ஆள் எப்பிடியும் 9, 10தான் போடும். படங்களுக்குச் சனம் புள்ளி போடுற ஐஎம்டிபி வலைத்தளத்தின்ர முதல் 250 பட்டியலில 25,000 வாக்குக்குக் குறைஞ்ச படத்தைச் சேர்க்கிறேல்லை. அதுக்கு மேல, ஒவ்வொரு படத்துக்கும் பொதுச் சராசரியில கொஞ்ச வாக்கு விழுந்த மாதிரி வச்சுத்தான் கணக்குப் பார்க்கிறது. உங்களுக்கு அப்பிடிப் பத்து வாக்குச் சேர்த்தாக் காணும். எல்லாப் படத்தின்ர சராசரி எவ்வளவு? ‘அன்பே சிவத்துக்கு’ எத்தினை பேர் போட்டவை?

உவர்மலையான்:
பொதுச் சராசரி 7 ஐயா. போட்டது 40 பேர்.

கணக்கு வாத்தி:
அப்ப 40×8.4 = 336, அதோட 10×7 = 70. மொத்தம் 406ஐ 50ஆல பிரிச்சா 8.12. ஈரானியப் படம் 57+70 = 127, பதினாறால பிரிக்க 7.94. பிரச்சினை முடிஞ்சுது.

நிலாவெளி அக்கா:
முடியேல்ல ஐயா. புள்ளி கேக்கிறதும் பெயர் கேக்கிறதும் வேற வேற. ‘சைட் அண்ட் சவுண்ட்’ சஞ்சிகை விமர்சகர்களிட்ட ஆளுக்குப் பத்துப் படம் கேக்கும். அதில ‘சிட்டிசன் கேன்’ 1962 தொடக்கம் 2002 வரைக்கும் முதலிடம். 2012இல ‘வெர்ட்டிகோ’, 2022இல ‘ஜான் டீல்மான்’. ஐஎம்டிபி சனமோ 1994இல தியேட்டரில ஓடாத, ஏழு ஒஸ்கார் பரிந்துரை கிடைச்சும் ஒண்டும் வெல்லாத ‘ஷாஷாங்க் ரிடெம்ஷனை’ வருசக்கணக்கா உச்சியில வச்சிருக்கு. ‘அன்பே சிவமும்’ 2003 பொங்கலுக்கு வந்து ஓடாத படம்தானே. பிறகு ரீவியில பார்த்துத்தான் சனம் கொண்டாடினது.
தம்பி, சராசரியை விட்டிட்டு எத்தினை பேர் 1 போட்டவை எண்டு பாருங்கோ.

உவர்மலையான்:
அக்கா, நாலு பேர் 1 போட்டிருக்கினம்! ஈரானியப் படத்துக்கு ஒருத்தரும் 8க்குக் கீழ போடேல்ல. அந்த நாலையும் தூக்கவோ?

நிலாவெளி அக்கா:
தொடாதேங்கோ. கன பேர் பார்த்த படத்தைப் பிடிக்காத ஆக்களும் இருப்பினம்தானே. அடுத்த முறை போமில ‘திரும்பப் போட்டா வருவீங்களோ?’ எண்டு இன்னொரு கேள்வி சேருங்கோ. எனக்கெண்டா புள்ளியை விட அந்த மறுமொழியில நம்பிக்கை.

கணக்கு வாத்தி:
அது நல்லம். ஒரு ஈமெயிலுக்கு ஒரு வாக்கு எண்டும் போமில செற் பண்ணி விடுங்கோ. அந்த நாலு ஒண்டும் ஒரே ஆளின்ர கைவேலையாயும் இருக்கலாம்.

உவர்மலையான்:
ஐயோ, அது திறந்துதான் கிடந்தது. இப்ப பூட்டிட்டன்.